இரண்டாம் ஓனர் சொல்லும் விலை

2025 செப்டம்பர் 22 அன்று என்ஜினில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முந்தின நாள் 128 ரூபாய்க்கு விற்ற வண்டி அன்றைக்கு 118 ரூபாய். ஷோரூம் விலையில் ஏறக்குறைய 7.8 சதவீதம் குறைவு. 2,80,000 ரூபாய் விலை போட்டிருந்த ஒரு ஆட்டோ இந்தக் கணக்கில் 2,58,000 ரூபாய்ப் பக்கம் வந்துவிடும். தீபாவளிக்கு வண்டி எடுக்கலாம் என்று காத்திருந்தவருக்கு 22,000 ரூபாய் மிச்சம்.

ஆகஸ்டிலேயே எடுத்தவர் கதை வேறு. திருச்சி தென்னூரில் ஒரே ஸ்டாண்டில் இரண்டு வண்டிகளும் முன்னும் பின்னுமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாடல், ஒரே என்ஜின், இரண்டிலும் சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆனால் ஆகஸ்ட் வண்டியை இன்று விற்கப் போனால், கேட்கிறவர் பழைய பில்லைப் பார்க்கமாட்டார். “இதே வண்டி புதுசே இப்ப என்ன விலைண்ணே?” என்பதுதான் முதல் கேள்வி. வண்டியில் ஒரு கீறலும் விழாமல் மதிப்பு மட்டும் இறங்கிவிட்டது. கடன் இறங்கவில்லை. பழைய விலைக்குப் போட்ட டியூவை மாதாமாதம் அப்படியே கட்டியாக வேண்டும்.

விலை குறைந்தால் வாங்குகிறவருக்கு லாபம் என்பது பாதிக் கணக்குதான். ஆட்டோ போன்ற, பல வருடம் உழைத்து இரண்டு மூன்று கை மாறும் பொருளுக்குப் புது விலையை ஷோரூம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. ஐந்து வருடம் கழித்து அதை வாங்கப்போகும் இரண்டாம் ஓனரும், இன்னும் யாரென்றே தெரியாமல், விலை பேசும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன தருவார் என்ற மதிப்பீடு இன்றைய விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

நீடித்து உழைக்கும் பொருள்களின் இந்தச் சிக்கலை ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1972இல் ஒரு சிறு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இத்தகைய பொருளை விற்கும் நிறுவனத்துக்கு வெளியில் ஒரு போட்டியாளரும் இல்லை என்றாலும், நாளைய தன் விலையோடு அதுவே போட்டி போட வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். விலை இன்னும் இறங்கும் என்று ஆட்கள் நினைத்தால் வாங்காமல் காத்திருப்பார்கள். ஜிஎஸ்டி குறையப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட வாரங்களில் ஷோரூம்களுக்கு வந்தவர்கள் “அடுத்த மாசம் பார்ப்போம்” என்று திரும்பிப் போனதற்குக் காரணமும் இதுதான்.

தொழிலுக்கல்லாமல் பொழுதுபோக்குக்காக ஓட்டும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007இல் ‘கேன்-ஆம் ஸ்பைடர்’ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. நம் ஆட்டோவுக்கு நேர் எதிராக, முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. விலை ஒரு நல்ல காருக்குச் சமம். 2018இல் அதே நிறுவனம் ‘ரைக்கர்’ என்ற எளிய வடிவத்தை அமெரிக்காவில் 8,499 டாலர் தொடக்க விலையில் அறிவித்தது. ஸ்பைடரைத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அது எட்டும் விலை. பழைய ஸ்பைடரை விற்க நினைத்தவருக்கோ புதுத் தலைவலி. இத்தனை வருடம் ஓடிய வண்டிக்கு அவர் சொல்லும் விலைக்குப் பக்கத்திலேயே, வாரன்டியோடு ஒரு புது வண்டி கிடைக்கத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் ஸ்பைடரின் மதிப்பு ஒரேயடியாகச் சரியும் என்று சொல்ல முடியாது. பின்னால் துணை ஒருவரை வசதியாக உட்காரவைத்து, பெட்டி நிறையச் சாமான் ஏற்றி நெடுந்தூரம் போக நினைப்பவருக்கு ரைக்கர் மாற்று ஆகாது. மலிவு வண்டி பழைய வண்டியின் எந்த வேலையைச் செய்யுமோ, அந்த வேலைக்கான விலையை மட்டும்தான் உடைக்கிறது. ஆட்டோவில் அந்தத் தப்பிக்கும் வழி குறைவு. எந்த கம்பெனி வண்டியானாலும் வேலை ஒன்றே. டிரைவருக்குப் பின்னால் மூன்று பேர், சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம், தென்னூரிலிருந்து ஜங்ஷன். மாம்பழச் சாலை திரும்பும்போது எந்த பிராண்டில் வருகிறோம் என்று சவாரி கேட்பதில்லை.

அப்படியானால் எல்லாரும் மலிவான வண்டியைத்தானே எடுக்க வேண்டும்? இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்குத்தான். முதல் ஆட்டோவின் விலை 3,00,000 ரூபாய். பெயர்பெற்ற கம்பெனி, ஐந்து வருடம் கழித்து 1,50,000 ரூபாய்க்குப் போகும். இரண்டாவது, புதிதாக வந்த கம்பெனியின் மலிவு வண்டி, 2,50,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 75,000 ரூபாய்தான் தேறும். வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் மொத்தம் 1,500 நாள். முதல் வண்டி தின்றது 1,50,000, நாளுக்கு 100 ரூபாய். மலிவு வண்டி தின்றது 1,75,000, நாளுக்கு 117 ரூபாய். விலை குறைந்த வண்டிதான் செலவு கூடிய வண்டி.

புது விலையின் ஒரு பகுதி வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி. காலி செய்யும்போது கைக்கு வந்துவிடும். முதல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த 50,000 ரூபாயும் அதற்கு மேல் 25,000 ரூபாயும் கடைசியில் திரும்பி வருகின்றன. ஆனால் அட்வான்ஸுக்கு வீட்டுக்காரர் வட்டி தருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த வட்டிதான் கணக்கைத் தலைகீழாக்குகிறது. கூடுதல் 50,000 ரூபாயை ஐந்து வருடக் கடனாக ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால், மாத டியூ 1,112 ரூபாய். வட்டியாக மட்டும் சுமார் 16,700 ரூபாய் போகும். பெயர்பெற்ற வண்டியின் மொத்தச் செலவு 1,66,700 ஆகிறது. மலிவு வண்டியைவிட இன்னும் 8,000 ரூபாய்க்கு மேல் சாதகம்தான். அதே கடன் 20 சதவீதத்தில் கிடைத்தால்? வட்டி ஏறத்தாழ 29,500 ரூபாய். மொத்தச் செலவு 1,79,500. இப்போது மலிவு வண்டி ஜெயித்துவிடுகிறது.

ஆக, ஒரே ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்கள் இரண்டு வெவ்வேறு வண்டிகளைத் தேர்ந்தெடுத்தால், அதில் ஒருவர் ஏமாந்தார் என்று அர்த்தமில்லை. வங்கியில் கடன் கிடைத்தவருக்கு விலை கூடிய வண்டி லாபம். தனியார் ஃபைனான்ஸில் அதிக வட்டிக்கு எடுப்பவருக்கு மலிவு வண்டி லாபம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜெர்ரி ஹாஸ்மன் 1979இல் வீட்டு ஏ.சி. வாங்கியவர்களை ஆராய்ந்தபோது இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார். வருமானம் குறையக் குறைய, பின்னால் வரும் மிச்சத்தைவிடக் கையில் இருக்கும் பணத்துக்கு மக்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். இன்றைய முன்பணமே பெரிய சுவராக நிற்கும்போது, ஐந்து வருடம் கழித்து வரும் ரீசேல் விலை தொலைதூரச் சங்கதி. மலிவு மாடல்களின் ஈர்ப்பு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்த கேள்வி, மலிவு வண்டியின் ரீசேல் ஏன் அவ்வளவு சரிய வேண்டும்? பழைய ஆட்டோ எப்படிக் கை மாறுகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

வாங்க வருகிறவர் தனியாக வருவதில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். மெக்கானிக் பெயிண்ட்டைப் பார்ப்பதே இல்லை. புது மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம்தான் கூடும்; பட்டி பார்த்து மறைத்தது எது? கால் வைக்கும் தகட்டில் ரப்பர் விரிப்பைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்துவார். துரு தின்ற இடம் அமுங்கிக்கொடுக்கும். பின்னால் போய் என்ஜின் மேல் கை வைப்பார். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சைலன்ஸரைப் பார்ப்பார். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, அங்கே புகை முட்டுகிறதா என்று பார்ப்பார். “என்ஜின்ல இன்னும் கை வைக்கலண்ணே” என்று விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க இவ்வளவும் தேவை.

பிறகு காகிதங்கள். ஆர்.சி.யில் TN 45 என்றால் திருச்சி மேற்கு, TN 48 என்றால் ஸ்ரீரங்கம். எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் கடன் முடிந்ததற்கான 35ஆம் எண் படிவம் இருக்கிறதா, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எப்போது முடிகிறது? எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. எடுத்தால் போதும், அதற்கப்புறம் ஆண்டுதோறும். ஏழு வயது வண்டிக்கும் ஒன்பது வயது வண்டிக்கும் விலையில் தெரியும் இடைவெளியில் இந்த விதிக்கும் பங்கு உண்டு.

இத்தனை சோதனைக்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. நல்ல வண்டியை எதற்கு விற்கிறார்? இதே கேள்வியை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை அவருக்கு 2001இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கமாட்டார். நல்லவை விலக விலக, சந்தையில் மோசமானவை மிஞ்சும். விலை இன்னும் இறங்கும். இந்தச் சரிவை நிறுத்துவது, குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மூன்றாம் ஆள். ஆட்டோ சந்தையில் அந்த ஆள் மெக்கானிக்.

மெக்கானிக்குக் கைவந்த வண்டிக்கு ரீசேல் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே. 1948இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரை அடிப்படையாக வைத்து ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கர வண்டியை உருவாக்கியது. அதன் உரிமத்தில் 1960களில் பஜாஜ் இந்தியாவில் ஆட்டோ செய்யத் தொடங்கியது. டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக், கேஸ், 2020இல் பிஎஸ்-6 புகை விதி என்று என்ஜின் மாறினாலும், அந்த அடிப்படை உருவம் பல தலைமுறை மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிவிட்டது. கிளட்ச் பிளேட்டோ கேபிளோ நகரின் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். வண்டி அதிகமாக ஓடுவதால் பார்ட்ஸ் கிடைக்கிறது; பார்ட்ஸ் கிடைப்பதால் பழசுக்கு விலை நிற்கிறது; பழசுக்கு விலை நிற்பதால் புதுசை வாங்குகிறார்கள். 2008இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ‘கிங்’ வந்தபோது அது மோத வேண்டியிருந்தது இந்தச் சுழற்சியோடுதான். இப்படிப்பட்ட சந்தைக்குள் புதிதாக நுழையும் கம்பெனி 10,000 ரூபாய் குறைத்தால் போதாது. இரண்டாம் ஓனரின் பயத்தால் இழக்கப்போகும் தொகையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

வண்டியின் தரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ரீசேல் விலை ஏறிய இடங்களும் உண்டு. டெல்லியில் 1997இல் உச்ச நீதிமன்றம் காற்று மாசு வழக்கில் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. 2011இல்தான் அதை ஒரு லட்சமாக உயர்த்த அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட வருடங்களில் பெர்மிட்டோடு கைமாறிய பழைய ஆட்டோ, ஷோரூமில் நிற்கும் புது ஆட்டோவின் விலையைத் தாண்டியது. விலைபோனது இரும்பு இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த காகிதம். அந்த லாபம் பெரும்பாலும் ஃபைனான்ஸ்காரர்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் போனது. பெர்மிட் வாங்க வழியில்லாத டிரைவர் நாள் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

இலங்கையில் காரணம் வேறு, விளைவு ஒன்று. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. யாழ்ப்பாணமோ கொழும்போ, பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த முச்சக்கர வண்டிகள்தான் கை மாறின. 2022இல் ரூபாயும் சரிந்தது. வருடக்கணக்கில் ஓட்டிய வண்டியை வாங்கிய விலைக்கு மேல் விற்க முடிந்தது. 2025 தொடக்கத்தில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோது, பழைய வண்டியை உச்ச விலையில் வாங்கியவர்கள் கலங்கியதில் வியப்பில்லை. செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்தபோது நம் ஊர் ஆகஸ்ட்காரருக்கு நேர்ந்ததும் அதுவே, கொஞ்சம் சிறிய அளவில்.

மின்சார ஆட்டோ வந்த பிறகு இந்தக் கணக்கின் இரண்டு தூண்களும் ஆடுகின்றன. முதல் தூண் பெர்மிட். 2018 அக்டோபரில் மத்திய அரசு மின்வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று அறிவித்தது. புதிதாக வருகிறவருக்கு அது பெரிய வசதி. ஆனால் பெர்மிட்டின் பெயரால் கிடைக்கும் கூடுதல் ரீசேல் விலையும் இந்த வண்டிக்குக் கிடையாது. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை சாலை வரியிலும் விலக்குக் கொடுத்தது. புதுசுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சலுகையும் பழசின் விலையைக் கீழே இழுக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

இரண்டாவது தூண் மெக்கானிக்கின் கண். மின்சார ஆட்டோவில் புகை இல்லை, ஆயில் இல்லை, காது வைத்துக் கேட்க என்ஜின் சத்தமும் இல்லை. விலையின் பெரும்பங்கு பூட்டிய ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. 2018 நவம்பரில் வந்த மஹிந்திரா ‘ட்ரியோ’வில் அது 7.37 கிலோவாட் மணி லித்தியம் அயனி பேட்டரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்வாயிலிருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். வண்டி ஓடும்போது வெளியேறும். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது பேட்டரியைப் பாதுகாக்கிறது, ஆனால் மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் அதில் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது மீண்டும் ஓட உதவாது. சூட்டில் இந்த வேலை வேகமாக நடக்கும். அக்னி நட்சத்திரத்தில் 104 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும் திருச்சி வெயிலில், முழு சார்ஜோடு தகரக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கும், மரநிழலில் நிற்கும் வண்டிக்கும் மூன்று வருடத்தில் பேட்டரி வயது வேறாகிவிடும். மீட்டரில் இரண்டும் ஒரே கிலோமீட்டர் காட்டலாம்.

வட மாநிலங்களில் அதிகம் ஓடும் இ-ரிக்‌ஷாக்களில் பல, மலிவான ஈய-அமில பேட்டரியோடு வந்தவை. அங்கே சிக்கல் இன்னும் கடுமை. சார்ஜ் இறங்கிய நிலையில் நின்றால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவு சீக்கிரமே போய்விடும். அத்தகைய பழைய வண்டியை வாங்குகிறவர் பேட்டரிக்கு விலை கொடுப்பதில்லை. புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் சொல்வார். தொடக்க விலை எவ்வளவு குறைவோ, அதில் இந்தக் கழிவின் பங்கு அவ்வளவு அதிகம்.

கம்பெனிகளுக்கு இது தெரியும். நீண்ட பேட்டரி வாரன்டி கொடுப்பதும், அதை அடுத்த ஓனருக்கும் செல்லுபடியாக்குவதும், பேட்டரியை விற்காமல் வாடகைக்கு விடுவதும், அக்கர்லாஃப் சொன்ன பயத்துக்கு மருந்து தேடும் முயற்சிகள். பஜாஜ் 2025இல் ‘கோகோ’ வரிசை மின்சார ஆட்டோக்களைப் பல பேட்டரி அளவுகளில் கொண்டுவந்திருக்கிறது. அளவு சிறுத்தால் விலையும் குறைவு. ஆனால் பேட்டரி தேயும்போது சிறியதற்கு ஓடும் தூரம் சீக்கிரமே போதாமல் போகும். உதாரணத்துக்கு, திருச்சி பஞ்சப்பூரில் 2025இல் ஒருங்கிணைந்த பஸ் முனையம் வந்தபிறகு, கன்டோன்மென்ட்டில் இறங்கிய வெளியூர்க்காரர்கள் பலர் இப்போது ஊருக்குத் தெற்கே இறங்குகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்கும் பஞ்சப்பூருக்கும் ஒருநாளில் நாலு நடை அடிக்கிற டிரைவருக்கு, இன்று போதும் என்று எடுத்த சிறிய பேட்டரி நான்கு வருடம் கழித்து மதியமே சார்ஜுக்கு நிற்கக்கூடும். அந்த வண்டியை அப்போது வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து மின்வாகன பேட்டரிகளுக்கு ஒரு டிஜிட்டல் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். பேட்டரி எங்கே, எதனால் செய்யப்பட்டது என்பதோடு அதன் நிலை பற்றிய தகவலும் அதில் இடம்பெறும். நம்மிடம் வண்டியைக் கைமாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் 29, 30ஆம் எண் படிவங்களில் வண்டியை அடையாளம் காட்டும் விவரங்கள் உண்டு. பேட்டரியின் ஆரோக்கியத்துக்குக் கட்டம் கிடையாது.

அப்படி ஒரு கட்டம் வரும்வரைக்கும் பழைய மின்சார ஆட்டோ பார்க்கப் போகிறவர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. முழு சார்ஜ் போடச் சொல்லி, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, தென்னூரிலிருந்து சமயபுரம் போய்த் திரும்புவது; போக வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். டேஷ்போர்டில் 30 சதவீதம் இறங்கியிருந்தால் முழு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் தேறும். 45 சதவீதம் இறங்கியிருந்தால் 67 கிலோமீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். முள் முதல் பாதியில் மெதுவாகவும் பின்பாதியில் வேகமாகவும் இறங்கும் வண்டிகள் இருப்பதால், சார்ஜ் பாதிக்குக் கீழே போனபிறகு அதே வழியில் இன்னொரு நடை போய்வந்து இரண்டு எண்களையும் ஒப்பிட்டபிறகே விலை பேச வேண்டும்.